கிருமிகளின் த்ரூ கோச்

வயிற்றுப்போக்கு என்றால் மருந்துக் கடையில் நாமே பெயர் சொல்லி ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்வது நம் தில்லித் தமிழர் வீடுகளில் சகஜம். "என் உடம்பு, என் மாத்திரை, அடுத்தவருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்களும் உண்டு. ரயில்வேயில் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கிருமிக்கு மருந்தை எதிர்க்கும் சக்தி முக்கியமாக இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, அதன் மரபணுவில் தானாக நேரும் சிறு மாற்றம். டைபாய்டு கிருமியில் ஒரே ஒரு மாற்றம் நேர்ந்தாலும் சிப்ரோஃப்ளாக்சசினின் வீரியம் குறைந்துவிடுகிறது. இது பெரும்பாலும் அதன் சந்ததிக்குப் போகும் சொத்து.

இரண்டாவது வழிதான் ஆபத்து. பிளாஸ்மிட் என்ற மரபணு வளையம் ஒரு கிருமியிலிருந்து வேறு இனக் கிருமிக்கே போய்ச் சேரும். ஜங்ஷனில் கழற்றி வேறு வண்டியில் மாட்டும் த்ரூ கோச் போல. ஆனால் இங்கே கொடுத்த கிருமியிடமும் ஒரு பிரதி தங்கிவிடும்! குடலில் வாழும் ஈ.கோலையிடமிருந்து சீதபேதிக் கிருமியான ஷிகெல்லாவுக்கு எதிர்ப்புச் சக்தி இப்படித் தாவுவதை 1959-ல் ஜப்பானியர் கண்டறிந்தார்கள். தேவையில்லாத மாத்திரை சாதுவான கிருமிகளைக் கொன்று, இந்தப் பெட்டியைச் சுமப்பவை பெருக இடம் கொடுக்கிறது. அவை சாக்கடை வழியாக ஊருக்கே பொதுவாகின்றன.

2010-ல் என்.டி.எம்-1 என்ற எதிர்ப்பு மரபணுவின் பெயரில் 'நியூ டெல்லி' இருப்பதாகப் பெரிய கூச்சல் எழுந்தது. 2011-ல் வெளியான ஆய்வோ, தில்லியில் எடுத்த 50 குடிநீர் மாதிரிகளில் 2-லும், தெருவில் தேங்கிய 171 நீர் மாதிரிகளில் 51-லும் அந்த மரபணு இருந்ததாகச் சொன்னது. பெயருக்காகக் கோபப்பட்ட நாம் குழாய்க்காகக் கோபப்பட்டோமா? தண்ணீர் நின்ற நேரத்தில் குழாயில் அழுத்தம் குறையும். விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடையை உள்ளே இழுக்கும். இது பொறியியலின் பாலபாடம்.

சாதாரண வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலே பெரும்பாலும் போதும். ரத்தம் போனாலோ, கடும் ஜுரம் இருந்தாலோ டாக்டரிடம் போவோம். சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் கேட்க வேண்டாம். குழாய்த் தண்ணீர் கலங்கலாக வந்தால் காய்ச்சிக் குடித்துவிட்டுச் சும்மா இராமல், காலனிவாசிகள் சேர்ந்து புகார் எழுதுவோம். மருந்தைக் காப்பாற்றுவதில் டாக்டருக்குப் பாதிப் பங்கு என்றால், மீதிப் பாதி நம்முடையது.