தலைமையா, கணக்கா?

தமிழ்நாட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் சொற்பொழிவுக்குப் பஞ்சம் வருவதில்லை. ஏரி வறண்ட வருஷத்திலும் மேடைப் பேச்சு வற்றியதில்லை. அதிலும் சமீப காலமாக ஒரு தலைப்பு மற்றத் தலைப்புகளையெல்லாம் தள்ளிக்கொண்டு முன்னே வந்து நிற்கிறது. 'தலைமைப் பண்பு' என்பது அதன் பெயர். கல்லூரியில் தலைமைப் பண்பு. வணிகர் சங்கத்தில் தலைமைப் பண்பு. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் தலைமைப் பண்பு. ஊரிலுள்ள அத்தனை பேரும் தலைவர்களாகிவிட்டால் பின்னால் நடப்பதற்கு யார் மிச்சமிருப்பார்கள் என்று எந்தப் பிரசங்கியாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பிரசங்கங்களில் தவறாமல் வந்து போகிற ஊர் ஒன்று உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்தான் அது. "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வாக்குரிமை கண்ட இனம்!" என்று பேச்சாளர் குரலை உயர்த்துவார். கைதட்டல் எழும். அதோடு உத்திரமேரூரின் வேலை முடிந்தது. அடுத்து ஒரு ராஜா, அடுத்து ஒரு தலைவர், அடுத்து பொன்னாடை.

எனக்குள்ள ஆத்திரமெல்லாம் இதுதான்: அந்த ஊரின் கல் சொல்லுகிற விஷயமும் இவர்கள் மேடையில் சொல்லுகிற விஷயமும் ஒன்றல்ல. ஒன்றல்ல என்பது மட்டுமில்லை, நேர் விரோதம்.

கல் என்ன சொல்லுகிறது? உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டிலும் பதினான்காம் ஆட்சியாண்டிலும், அதாவது 919-லும் 921-லும், இரண்டு சாசனங்கள் வெட்டப்பட்டன. நீலகண்ட சாஸ்திரியார் 1932-ல் வெளியான தம் ஆராய்ச்சி நூலில் இவற்றை விரிவாக எடுத்து விளக்கியிருக்கிறார். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். சபை நடுவே, எல்லோரும் காணும்படி குடத்தைத் தூக்கிக் காட்டி, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்தார்கள். ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். ஏன் தெரியுமா? விரல் மடங்கினால் ஓலை மாறும் என்ற பயம்! வாங்கியவர் வாசித்த பிறகு அங்கேயுள்ள மற்றவர்களும் அதை வாசிக்க வேண்டும். இப்படித் தேர்ந்த முப்பது பேரில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். இவை போகப் பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் உண்டு. பதவி முந்நூற்றறுபது நாள். அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது வாக்களிப்பு அல்ல, திருவுளச்சீட்டு. யாரும் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை. ஏதென்ஸ் நகரத்துக் கிரேக்கர்கள் தங்கள் ஐந்நூற்றுவர் சபைக்குச் சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்தார்கள் அல்லவா? அந்த வர்க்கத்தைச் சேர்ந்தது இது. அங்கேயும் பதவி முடிந்து இறங்குகிறவன் கணக்கு ஒப்புவித்தே ஆக வேண்டும். ஆகவே 'வாக்குரிமை கண்ட இனம்' என்று முழங்குவது கல்லைப் படிக்காதவர் முழக்கம்.

யார் பெயர் குடத்துக்குள் போகலாம்? இங்கேதான் பிரசங்கியார் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுவார். 921-ஆம் ஆண்டுச் சாசனப்படி, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும்; சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும்; வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள்; வேத சாஸ்திரப் பயிற்சி வேண்டும். உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் பிராமணர்களுக்குப் பிரம்மதேயமாக விடப்பட்ட ஊர். சபை அவர்களுடைய சபை. வயலில் இறங்கி உழுதவனின் பெயர் குடத்துக்குள் போகவில்லை. பெண் ஒருத்தியின் பெயரும் போகவில்லை. அரசனுடைய அதிகாரி ஒருவர் வந்து உடனிருந்துதான் இந்த விதிகள் செய்யப்பட்டன. இதையெல்லாம் மறைத்துவிட்டுக் குடத்தை மட்டும் தூக்கிக் காட்டுவது சரித்திரப் பிரசங்கம் ஆகாது. சந்தையில் மாட்டின் நல்ல பக்கத்தை மட்டும் காட்டுகிற தரகு வேலை.

"அப்படியானால் அந்தக் கல்லையே ஒதுக்கிவிட வேண்டியதுதானே?" என்று எதிர்க்கட்சி ஆடுகிறவர்களும் உண்டு. அதுவும் தவறு. அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பழைய கிராமத்தைப் பற்றிக் கடுமையாகப் பேசினார்; கிராமம் என்றால் குறுகிய புத்தியின் குகை என்ற கருத்தில் அவர் சொன்னதற்குத் தக்க காரணம் இருந்தது. இருந்தும் நம் அரசியல் சட்டத்தின் 40-ஆவது ஷரத்தில் கிராமப் பஞ்சாயத்து இடம் பெற்றது. பழையதில் உமியும் உண்டு, மணியும் உண்டு. புடைக்கத் தெரிய வேண்டும்.

மணி எது? சொல்லுகிறேன். அந்தச் சாசனத்தில், சபையில் இருப்பவன் சிங்கம் போல் இருக்க வேண்டும், மக்களைக் கவர வேண்டும், தொலைநோக்கு வேண்டும் என்றெல்லாம் ஒரு சொல்லும் கிடையாது. தகுதிக்குச் சில வரி. தகுதிக் குறைவுக்கோ நீண்ட பட்டியல்! வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரை மறுபடி குடத்தில் இடக் கூடாது. அவன் மட்டுமா? அவன் தகப்பன், மகன், உடன்பிறந்தான், மாமனார், மாப்பிள்ளை, மைத்துனன், பெரியம்மா சின்னம்மா மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என்று உறவு முறை முழுவதையும் வரிசையாகச் சொல்லி, ஒருவர் பெயரும் கூடாது என்று அடைத்துவிட்டார்கள். பிறர் பொருளைக் கவர்ந்தவன் கூடாது. மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவன் கூடாது. பதவியில் இருக்கும்போதே குற்றம் கண்டால் அப்போதே நீக்கம். கணக்கு எழுதுகிறவன் தான் எழுதின கணக்கைத் தானே ஒப்புவிக்க வேண்டும். அவனுக்குப் பதிலாக வேறொருவன் வந்து கணக்கை முடிக்கக் கூடாது.

ஐயா, இதுவா தலைமைப் பண்பு? இது சந்தேகம்! அதிகாரத்தில் உட்காருகிறவன் எவனாயிருந்தாலும், நாலு வேதம் படித்தவனாகவே இருந்தாலும், கையில் பொதுப்பணம் வந்தால் விரல் மடங்கும் என்கிற ஆரோக்கியமான சந்தேகம். வாரியத்தில் இருந்த எந்த மகானுடைய புகழையும் அந்தச் சாசனங்கள் பாடவில்லை. நாமோ தலைவனைப் பாடுகிறோம், கணக்கை மறக்கிறோம். ஒருவேளை ஒன்றை மறப்பதற்காகத்தான் மற்றதைப் பாடுகிறோமோ என்னவோ!

உத்திரமேரூர்ப் பக்கத்தில் நடந்த இப்படியொரு கூட்டத்தில் நானும் ஒரு தடவை அமர்ந்திருந்தேன். பேச்சாளர் ஒன்றரை மணி நேரம் பொழிந்து ஓய்ந்தார். பின் வரிசையிலிருந்து வயதான விவசாயி ஒருவர் எழுந்தார். "ஏரிக்கே ஆறு பேர் இருந்தாங்கன்னு சொன்னீங்களே, சாமி. இப்ப எங்க ஏரி மதகுக்கு யாரைப் போய்க் கேக்கிறது?" என்றார். பேச்சாளர் சிரித்தார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். உடனே நன்றி கூறல், உடனே நாட்டுப் பண். அன்று அந்தப் பந்தலில் சாசனத்தின் பொருள் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றிற்று.

இந்தக் கூத்து பந்தலோடு நிற்கவில்லை. 2020 டிசம்பர் 10-ஆம் தேதி, டில்லியில் புதிய பார்லிமெண்டுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் நரேந்திர மோடி உத்திரமேரூரைப் புகழ்ந்து பேசினார். தேசமெல்லாம் அந்தப் பெயரைக் கேட்டது, நாமும் பூரித்தோம். அன்றைக்கு உத்திரமேரூரில் என்ன நிலைமை? தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர் கூட அந்தப் பேரூராட்சியில் இல்லை! தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. வழக்கு, வார்டு மறுவரையறை, மாவட்டப் பிரிவினை என்று காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, தேர்தல் வரவில்லை. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களின் கிராமங்களுக்குத் தேர்தல் நடந்தபோதும் காஞ்சிபுரம் விடுபட்டது. இம்மாவட்டத்துக் கிராமங்கள் 2021 அக்டோபர் வரையிலும், உத்திரமேரூர்ப் பேரூராட்சி 2022 பிப்ரவரி வரையிலும் காத்திருந்தன. ஐந்து வருஷத்துக்கு மேல் 'தனி அலுவலர்' ஆட்சி. முந்நூற்றறுபது நாள் முடிந்தால் இறங்கு என்று கல்லில் வெட்டிய ஊருக்கு நாம் செய்த மரியாதை இது.

பிறகு புத்தி வந்ததா? கட்சி மாறிற்று, வழக்கம் மாறவில்லை. 27 மாவட்டங்களில் வென்றவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. மறுபடியும் தேர்தல் இல்லை, மறுபடியும் தனி அலுவலர். காலம் முடிவதற்கு முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று 1993-ல் அமலுக்கு வந்த 73-ஆவது திருத்தம் திட்டவட்டமாகச் சொல்லுகிறது. கல்லில் எழுதினாலும் காகிதத்தில் எழுதினாலும் நமக்கு எல்லாம் நீர் மேல் எழுத்துத்தான்.

பிற தேசத்தார் மட்டும் யோக்கியர்களா என்றால், இல்லை. அமெரிக்காவில் ஜனாதிபதிகளின் பெயரால் நூலகங்கள் இருக்கின்றன. 1941-ல் ரூஸ்வெல்ட்டின் நூலகம் திறக்கப்பட்டதிலிருந்து ஏற்பட்ட வழக்கம். அங்கும் தலைமை பற்றிச் சொற்பொழிவுகள் ஓயாமல் நடக்கின்றன. ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. சொற்பொழிவு மண்டபத்துக்கு அருகிலேயே காகிதக் கட்டுகள் இருக்கின்றன. 1974-ல் நிக்ஸன் பதவி விலகிய அவமானத்துக்குப் பிறகு, 1978-ல் ஒரு சட்டம் செய்தார்கள்: ஜனாதிபதியின் அலுவலகக் காகிதம் அவர் சொத்தல்ல, ஜனங்களின் சொத்து. நிக்ஸனின் நூலகம் 1990-ல் தனியார் கையில் தொடங்கியது. வாட்டர்கேட் விவகாரத்தை அவருக்கு அனுகூலமாகவே காட்டியது. 2007-ல் அரசாங்கத்தின் ஆவணக் காப்பகம் பொறுப்பேற்றது. 2011-ல் அந்தப் பகுதியைப் புதிதாக, ஆதாரங்களுடன் திறந்தது. புகழ் பாடுவதற்கென்று கட்டிய இடத்திலேயே கணக்கையும் விரித்து வைக்க முடியும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

நாம் என்ன செய்யலாம்? பிரமாதமான யோசனை ஒன்றும் என்னிடம் இல்லை. வருஷத்துக்கு நாலாக இருந்த கிராம சபை 2022 முதல் ஆறு என்று ஆக்கப்பட்டிருக்கிறது. அதில் வாக்காளர் ஒவ்வொருவரும் அங்கத்தினர். கால் வேலி நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம், பெண்ணென்று யாரும் தடுக்க முடியாது. கல்லின் குறையைச் சட்டம் தீர்த்துவிட்டது. கல்லின் நிறைவை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே அடுத்த தடவை உங்கள் ஊரில் ஒரு பெரிய மனிதர் வந்து உத்திரமேரூரைப் பற்றிப் பேசினால், தாராளமாகக் கை தட்டுங்கள், தட்டி முடித்ததும் எழுந்து நின்று, "எங்கள் ஊர்க் கணக்கு எங்கே?" என்று கேளுங்கள். ஏரிக்கு வந்த பணம் எவ்வளவு, மதகுக்குப் போனது எவ்வளவு என்று கேளுங்கள். நேரமாகிவிட்டது என்பார்கள். அந்தச் சாக்கையும் தெரிந்துகொண்டுதான் உத்திரமேரூர்க்காரர்கள் முந்நூற்றறுபது நாள் என்று நேரத்தையே கல்லில் வெட்டி வைத்தார்கள்.