படிவத்தில் நிலம் என்றொரு கட்டம்

சுங்கை சிப்புட் பக்கம், ஒரு காலத்தில் பால்மரமும் இப்போது செம்பனையுமாக நிற்கும் தோட்டமொன்றின் பழைய லயத்தில், சென்ற மாதம் ஓர் அம்மா பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்து உள்ளே இருந்த தாள்களை என் முன்னால் பரப்பினார். செக்ரோல் பக்கத்தின் நகல். சேமநிதி வாரியத்தின் கணக்கறிக்கை. முப்பத்து நான்கு ஆண்டு மரம் சீவியதற்குச் சான்றாகக் கிராணி எழுதிக் கொடுத்த அரைப்பக்கக் கடிதம். கடைசியாக, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ். கறையானுக்குப் பயந்து ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். “இதுல எது தம்பி போதும்?” என்று கேட்டார்.

எதுவும் போதாது. வறியோருக்கான அரசு வீட்டு உதவித் திட்டத்தின் படிவம் கேட்பது சொந்த நிலம். இல்லாவிட்டால் நில உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம். இங்கே நில உரிமையாளர் யார்? நோட்டீஸ் அனுப்பிய கம்பெனி. தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் வேலை செய்து, ஓய்வு பெற்ற நாளோடு வீட்டு உரிமையும் தீர்ந்துபோகிறவருக்கு, வீட்டு உதவி படிவத்தின் நிலம் என்ற அந்த ஒரு கட்டத்தில் முட்டி நின்றுவிடுகிறது. தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990இல் வந்தது, 2019இல் திருத்தப்பட்டது. ஆனால் அது பேசுவது வேலையில் இருக்கிறவரின் கூரையையும் குடிநீரையும் பற்றி. வேலை முடிந்தவர் அதன் கண்ணில் படுவதில்லை. வங்கிக்குப் போனால், அறுபது வயதில் வீட்டுக் கடனா என்று சிரிப்பார்கள்.

சமூகநலச் சங்கங்கள் நடத்தும் நம் துறையில் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. மானியம் என்று நாம் வாங்குகிற பணம் இந்தக் கட்டத்தின் பக்கமே போவதில்லை என்பதைத்தான் இந்த இதழில் கொஞ்சம் உரக்கப் பேச நினைக்கிறேன்.

மலேசிய இந்தியர் சமூகத்துக்கென 2014இல் செடிக் என்ற அரசு நிதிப் பிரிவு வந்தது. 2018இல் அது மித்ரா ஆனது. ஆண்டுக்குப் பத்துக் கோடி வெள்ளி என்பது பழகிப்போன எண். பிரதமர் துறையிலிருந்து ஒற்றுமை அமைச்சுக்கும், அங்கிருந்து மறுபடி பிரதமர் துறைக்கும் அது இடம் மாறியதை நாம் பார்த்தோம். 2021இல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணைக்கு வந்ததையும் பார்த்தோம். அதன் விளைவாகப் படிவங்கள் தடித்தன, அது நியாயம்தான். ஆனால் தடித்த படிவத்தை நிரப்பத் தெரிந்தவர் வேறு, லயத்தில் யார் வீட்டில் யார் படுக்கையில் கிடக்கிறார் என்று தெரிந்தவர் வேறு. இரண்டும் தெரிந்த ஆள் கிடைத்தால் அவருக்குச் சம்பளம் கொடுக்க மானியத்தில் தலைப்பு இருக்காது.

நான் பொறுப்பில் இருந்த ஒரு சங்கத்துக்கு ஒரு நிதிக்குழுவிடமிருந்து ஆகஸ்ட் கடைசியில் ஒப்புதல் கடிதம் வந்தது. நவம்பருக்குள் செலவுக் கணக்கை முடித்துத் தர வேண்டும். மூன்று மாதத்தில் என்ன செய்ய முடியும்? தையல் வகுப்பு, கணினி வகுப்பு, மாணவருக்குத் தன்முனைப்பு முகாம். செய்தோம். பங்கேற்றவர் எண்ணிக்கை, புகைப்படம், பின்னால் பதாகை, எல்லாம் முறையாக இருந்தன. (மாதிரிக் காசோலை லயத்துக் கதவைவிட அகலமாக இருந்ததால் வெளியே நிறுத்தித்தான் படம் எடுத்தோம்.) தையல் வகுப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் தையல் இயந்திரத்தை எந்த வீட்டில் வைப்பது என்பதுதான் அங்கே இருந்த பெண்களின் கேள்வி.

வீட்டு விவகாரம் மூன்று மாதத்தில் முடிகிற காரியமா? ஹுலு சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் வீட்டுக்காக எத்தனை மந்திரி புசார்களின் வாசலில் நின்றார்கள்! நிலமும் மத்திய அரசின் நிதியும் ஓரிடத்தில் சேர 2023 வரை ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் கூட்டம் கூட்டியவர், வழக்கறிஞரைப் பார்த்தவர், நில அலுவலகத்தில் கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தவர், இவர்களின் பெட்ரோல் செலவை எந்த மானியம் தந்தது? பேராக்கில் ‘அலைகள்’ போன்ற இயக்கங்கள் தோட்டப்புறங்களில் செய்த வேலையும் இந்த வகைதான். படம் எடுக்க முடியாத வேலை அது.

இதே சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த ஒருவர், மானியம் என்ற சொல்லே இல்லாமல் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார். ஐம்பதுகளில் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி மறுபடி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் தாத்தாக்கள் சொன்னது இதைத்தான். வேலை போனது, வேலையோடு லயமும் போனது. பொருளியல் அறிஞர் உங்கு அஸிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆய்ந்து எழுதிய அறிக்கை அந்தச் சேதத்துக்குச் சாட்சி. அப்போது அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. முதலில் பத்து வெள்ளி கட்டினால் போதும், மீதியைத் தவணையாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய், பெரட்டுக் களத்திலும் கோயில் வாசலிலும் நின்று பேசிச் சேர்த்த பணம் அது. முதலில் வாங்கிய தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம்.

இந்தக் கதையைச் சம்பந்தனின் பெருமையாகச் சொல்லி நிறுத்துவது நம் வழக்கம். எனக்கு அதிலிருக்கும் கணக்குதான் முக்கியம். அந்தப் பணத்துக்கு ‘நிதியாண்டு இறுதி’ என்று ஒரு தேதி இல்லை. அது முதலில் போனது நிலத்துக்கு. அந்த நிலத்தை வைத்திருக்கச் சட்டப்படி ஓர் அமைப்பு இருந்தது. தலைவர் மாறினாலும் பட்டா மாறாது. குறையும் சொல்ல வேண்டும். துண்டாடப்பட்ட தோட்டங்களில் பெரும்பாலானவற்றை அந்தச் சங்கத்தால் காப்பாற்ற முடியவில்லை. வாங்கிய தோட்டத்திலும் தொழிலாளி பங்குதாரர் ஆனாரே தவிர, அவர் குடியிருந்த வீடு அவர் பெயருக்கு மாறியது என்று சொல்ல முடியாது. அந்த வேலை அப்படியே மிச்சம் இருக்கிறது.

வெளியே பார்த்தால், இலங்கையில் இந்திய அரசின் வீடமைப்புத் திட்டம் வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாயை வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கிலேயே போட்டது. அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை நகர நகரத் தவணை வந்தது. மலையகத்தில் அதே திட்டத்துக்கு முதலில் தேவைப்பட்டது தோட்டத்திலிருந்து பிரித்துக் கொடுக்கப்பட்ட ஏழு பேர்ச் காணி. தாய்லாந்தில் 2003இல் தொடங்கிய பான் மான்கோங் திட்டம், குடியிருப்பாளரின் சேமிப்புக் குழுவும் கூட்டுறவும் அமைந்த பிறகுதான் பணத்தை அவிழ்க்கிறது. இரண்டிலும் பணத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது தரையில் நடக்கும் வேலை. நம்மிடம் அதைத் தீர்மானிப்பது டிசம்பர் மாதம்.

ஆகவே மானியம் தருகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது வீடு கட்டப் பணமே அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டுமானத்துக்குப் பணம் தர அமைச்சு இருக்கிறது, மாநில வீடமைப்பு வாரியம் இருக்கிறது. அதற்கு முந்தைய கட்டத்துக்குத்தான் நாதி இல்லை: நில அளவையாளர் கூலி, மண் பரிசோதனை, விவசாய நிலத்தை வீட்டு நிலமாக மாற்றும் பிரீமியத்தில் ஒரு பங்கு, வழக்கறிஞர் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேலாக ஐந்து ஆண்டு அதே தோட்டத்துக்குப் போய்வரும் ஓர் ஆளின் சம்பளம். வீட்டுத் திட்டம் நிறைவேறினால் இதில் பாதியைத் திருப்பி வாங்கி அடுத்த தோட்டத்துக்குச் சுழற்றலாம்.

நிலம் மாநில அதிகாரம் என்பதால் புத்ராஜெயாவிலிருந்து வரும் பணம் ஈப்போவில் கதவைத் தானாகத் திறக்காது. ஆனால் ஒரு சாவி உண்டு. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற, தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். தோட்டம் விலைபோகும் அந்த நேரத்தில் குடியிருப்புக்கு இரண்டு ஏக்கர் கேட்பது ஒன்று. தாமான் எழும்பி விளம்பரப் பலகை நட்ட பிறகு கேட்பது வேறொன்று. முதலாவதைக் கேட்க வேண்டுமானால், விற்பனைப் பேச்சு காதில் விழும்போதே அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும்.

நம் பக்கத்துத் தவறையும் எழுதிவிடுகிறேன். படிவம் எதைக் கேட்கிறதோ அதையே தேவை என்று எழுதப் பழகிவிட்டோம். தனியார் நிறுவனங்களிடம் நன்கொடை கேட்டுப் போக, கொடுப்பவருக்கு வரிக்கழிவு தரும் வருமான வரிச் சட்டத்தின் 44(6) ஒப்புதல் கைகொடுக்கும் என்று தெரிந்தும், கணக்கறிக்கை முடிக்காமல் ஆண்டுகளைக் கடத்துகிற சங்கங்கள் நம்மில் ஏராளம். தோட்டத்துக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு தலைவர் என்று பிரிந்து கிடப்பதற்குப் பதில், கணக்கையும் வரி ஒப்புதலையும் ஒரு குடை அமைப்பு பார்த்துக்கொள்ள, நிலத்தைக் குடியிருப்பாளர் கூட்டுறவு வைத்திருக்கலாம். 1993ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம் அதற்கு வழி விடுகிறது. யார் தலைவர் என்ற பேச்சில்தான் இது ஒவ்வொரு முறையும் உடைகிறது. புந்தோங்கில் நாங்கள் கூட்டிய கூட்டமும் அதே இடத்தில்தான் உடைந்தது.

அந்த அம்மாவின் தாள்களை நகலெடுத்து, பிஸ்கட் டின்னில் அவர் வைத்த வரிசையிலேயே அடுக்கித் திருப்பிக் கொடுத்தோம். நோட்டீஸில் போட்டிருக்கும் தேதிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. நாங்கள் எதிர்பார்க்கும் மானியத்துக்கு விண்ணப்பம் திறக்க ஏழு மாதம்.