பம்பு மேல ஈரத்துணி போட்டா மட்டும் போதுமுங்களா?

போன சித்திரையில காங்கேயத்துல ஒரு கல்யாணம் முடிஞ்சு மத்தியானமா திரும்பிட்டு இருந்தோம். அவிநாசிபாளையத்துல இளநீர் குடிக்க பத்து நிமிஷம் நிறுத்தினேன். திரும்ப ஸ்டார்ட் பண்ணினா, ஒரு பர்லாங் கூடப் போகலை, இருமி இருமி நின்னு போச்சு. அப்பா வாங்கின பெட்ரோல் அம்பாசிடருங்க. பின் சீட்டுல எண்பது வயசு அம்மா. சுத்தியும் நிழலே இல்லை.

இளநீர்க்காரர் நடந்து வந்து, "பம்பு சூடாயிருச்சுங்க, ஈரத்துணி போடுங்க" ன்னார். துண்டை நனைச்சு சுத்தினேன். கால் மணி நேரத்துல கிளம்பிருச்சு. ஆனா அதுக்குள்ள அம்மாவுக்கு மயக்கமே வந்துருச்சு. வீடு வந்ததும் பையன், "இதை வித்துரலாம்ப்பா" ங்கறான்.

ஈரத்துணி முதலுதவிதான், வைத்தியம் இல்லை. அதே மாதிரி, விக்கறதும் வைத்தியம் இல்லைங்கறது என் கட்சி.

நம்ம கிணத்து மோட்டாரை நினைச்சுப் பாருங்க. மேட்டுல இருக்கற மோனோபிளாக் ஏர் புடிச்சுட்டா, ஓடும், தண்ணி வராது. அம்பாசிடர் பம்பும் அப்படித்தான். டேங்க் பின்னாடி, பம்பு முன்னாடி இன்ஜினோட ஒட்டி. அத்தனை தூரம் உறிஞ்சி இழுக்கணும். பெட்ரோல்ல இருக்கற லேசான பாகம் 40 டிகிரிக்குள்ளயே ஆவியாக ஆரம்பிச்சுரும். உறிஞ்சற பக்கம் அழுத்தம் குறைவு, அதனால இன்னும் சீக்கிரம் ஆவியாகும். பம்புக்குள்ள ஆவி நிறைஞ்சா டயாஃப்ரம் ஆடும், பெட்ரோல் ஏறாது.

ஓடும்போது நிக்காம, நிறுத்தி எடுக்கும்போது ஏன் நிக்குது? ஆஃப் பண்ணினதும் ஃபேன் நின்னுரும், ரேடியேட்டர் தண்ணி சுத்தறதும் நின்னுரும். இன்ஜின் சூடு முழுக்க பம்புலயும் கார்ப்புரேட்டர்லயும் ஏறும். அதனால வெயில் நாள்ல ஆஃப் பண்றதுக்கு முன்னால ஒரு நிமிஷம் ஐடிலிங்ல விடுங்க. நிழல்ல நிறுத்தி பானெட்டைத் திறந்து வையுங்க.

அப்புறம் செய்ய வேண்டியது மூணுங்க. ஒண்ணு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்துல போற பெட்ரோல் லைனைத் தள்ளி மாத்தி, நடுவுல ஒரு தகடு மறைப்பு வைக்கறது. ரெண்டு, பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவுல சூடு கடத்தாத கட்டை சரியா இருக்கான்னு பாக்கறது. மூணு, ரேடியேட்டரைச் சுத்தம் பண்றது. இதுக்கும் அடங்கலைன்னா டேங்க் பக்கத்துல எலக்ட்ரிக் பம்பு. அது சப்மெர்சிபிள் மாதிரி, உறிஞ்சாம தள்ளும். ஆனா கார்ப்புரேட்டர் வண்டிக்கு ஏத்த குறைஞ்ச அழுத்த பம்பா இருக்கணும். இன்ஜின் நின்னா தானா நிக்கற சுவிட்சும் கட்டாயம். இல்லைன்னா மோதுனா பெட்ரோல் கொட்டிக்கிட்டே இருக்கும். சூட்டு இன்ஜின் மேல பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க, வெடிப்பு விடும். சூடா இருக்கும்போது பெட்ரோல் பைப்பைக் கழட்டவே கூடாது.

இன்னொண்ணு சொல்லியாகணும். 2025ல நாட்டு பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதத்தைத் தொட்டுருச்சு. எத்தனால் தனியா 78 டிகிரியில கொதிக்கும். ஆனா பெட்ரோல்ல கலந்தா, கலவை லேசா ஆவியாகும். பழைய ரப்பர் ஹோஸ், டயாஃப்ரம் எல்லாம் ஊறி உப்பிரும். நானும் மக்காச்சோளம் போடறவன். எத்தனாலுக்குச் சோளம் போறதுல நமக்கு நல்ல விலை வருதுங்க, கோழிப்பண்ணைக்காரங்க தீவன விலைன்னு புலம்பறாங்க. அதனால திட்டமே வேண்டாம்னு சொல்லலை. பழைய வண்டி வச்சிருக்கறவனுக்கு எத்தனால் குறைஞ்ச பெட்ரோலும் பங்க்ல ஒரு பக்கம் இருக்கணும்னுதான் கேக்கறேன். அதுவரைக்கும் எத்தனால் தாங்கற ஹோஸும் டயாஃப்ரமும் மாத்திக்கிட்டாதான் நமக்கு நல்லது.

அம்பாசிடரோட மூலம் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, குளிர் நாட்டு வண்டி. உத்தரபாராவுல 2014ல தயாரிப்பையும் நிறுத்திட்டாங்க. நம்ம வெயிலுக்கு ஏத்த மாதிரி அதைப் பாத்துக்க வேண்டியது இனி நம்ம பொறுப்பு. மாட்டுக்கு வெக்கைன்னு தெரிஞ்சா கொட்டாயி போடறோம், விக்கறதில்லையே?

லைனை மாத்தி தகடு வச்சாச்சு. இந்தச் சித்திரையில அம்மாவைக் கூட்டிட்டுப் போறதா இருக்கேன். ஆனா காலையில 7 மணிக்கே கிளம்பிருவேன். டிக்கியில ஒரு பழைய துண்டும் தண்ணிக் கேனும் இருக்கும்.