மரக்குடிலும் மலைக்காற்றும்

குளிர்நாட்டு மலைக்குடில்களைப் படத்தில் பார்த்து அழகை வியப்பவர் பலர். பனிச்சறுக்கருக்கான மரக்குடிலில் அழகுக்கு இரண்டாம் இடமே என்பது எம் துணிபு. நார்வேயில் 1967ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் மலைப்பயணம் முதலியவற்றுக்குச் சென்றோருள் 18 பேர் மாண்டனர். ஒதுங்க ஓரிடம் என்பது அங்கே உயிர்க்கணக்கு.

அந்நாட்டின் யோஸ்டெடால் பனிப்பரப்பை அடுத்திருந்த துங்கஸ்டோலன் குடிலை 2011 டிசம்பரில் டாக்மார் புயல் அழித்தது. ஸ்னோஹெட்டா நிறுவனம் வடிவமைத்த புதிய மரக்குடில்கள் அங்கே 2019இல் திறக்கப்பட்டன. அவற்றின் சுவர்கள் பறவையின் அலகு போல வெளிநோக்கிக் கூர்ந்து நிற்கின்றன. பள்ளத்தாக்கில் ஏறிவரும் காற்றின் வேகத்தை மட்டுப்படுத்தவே அவ்வமைப்பு. அதனைப் புதுமை மோகம் என்பாரும் உளர்; புயலிடமே கற்ற பாடம் என்போம் நாம்.

ஆயினும் அவற்றின் பெருஞ்சாளரங்களில் எமக்கு முழு உடன்பாடு இல்லை. எத்தனை அடுக்குக் கண்ணாடியானாலும், வெப்பக்காப்பு இட்ட மரச்சுவரைவிட மிகுதியாகவே வெப்பத்தை வெளியே விடும். விரல் மரத்து வருபவருக்குக் காட்சியா பெரிது, அடுப்பன்றோ!

சிறுகுடில் அமைப்போர் முதலில் கதவை எண்ணுக. வெளிப்புறம் திறக்கும் கதவை ஓரிரவுப் பனிக்குவியல் அடைத்துவிடும்; உட்புறம் திறப்பதே தக்கது. ஈர உடைகளிலிருந்து எழும் நீராவி சுவருக்குள் புகுந்து, குளிர்ந்து நீராகி, மரத்தை இற்றுப்போகச் செய்யும். ஆதலின் உட்பக்கம் ஆவித்தடுப்பும், வெளிப்பலகைக்குப் பின்னே காற்றோடும் இடைவெளியும் வேண்டும். கையுறை கழற்றாமலே திருகக்கூடிய கைப்பிடியும் வேண்டும்.