பஞ்சுக்கு இடமுண்டு, மனசுக்கு இல்லை

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. 29 மத்தியச் சட்டங்களைச் சுருட்டி நான்காக்கிய அந்த முடிவைப் பற்றித் திருப்பூரில் பேசாதவர் இல்லை. கூலி, கிராஜுவிட்டி, பி.எஃப்., வேலை நேரம் என்று எல்லாவற்றையும் அலசியாகிவிட்டது. அதிகம் பேர் புரட்டாமல் விட்ட பக்கம் ஒன்று உண்டு. தொழிலால் வரும் நோய்களின் அட்டவணை அது.

தொழிலாளிக்கு இந்த நோய் வந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 29 நோய்களை அது வரிசைப்படுத்துகிறது. ஈய நஞ்சு, பாதரச நஞ்சு, சிலிக்கோசிஸ், இரைச்சலால் வரும் காது மந்தம், பஞ்சுத் தூசி நுரையீரலைப் பிடிக்கும் பிசினோசிஸ் என்று போகிறது. பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்ததை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். மனநோய் ஒன்றுகூட இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இலேயே தன் தொழில்நோய்ப் பட்டியலில் மன, நடத்தைக் கோளாறுகளைச் சேர்த்துவிட்டது. பதினைந்து ஆண்டு அவகாசம் இருந்தும் இங்கே ஒரு வரி ஏறவில்லை.

இந்த விடுபடலின் விலை என்ன என்பதை ராயபுரத்துப் பனியன் கம்பெனிகளில் பார்க்கலாம். ஓவர்லாக் மிஷினில் உட்காரும் ஒரு பெண், முதலில் நாலு மணி டீக்குக் கூட்டத்தோடு வருவதை நிறுத்துகிறாள். பிறகு சோற்று டப்பாவை மிஷின் ஓரத்திலேயே திறந்து, பாதி தின்று மூடுகிறாள். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் தோழிகளோடு கடைவீதிக்குப் போனவள், தலையைக் குனிந்தபடி ரூமுக்குத் திரும்புகிறாள். பீஸ் குறைகிறது, திருத்தத்துக்குத் திரும்பும் ஆல்டர் கூடுகிறது. "அவ இப்பல்லாம் யாருகிட்டயும் பேசறதில்லீங்க, ராங்கி புடிச்சுப் போச்சு" என்று லைனில் பேச்சு எழுகிறது. இரண்டு வாரத்தில் கான்ட்ராக்டர் வேறு ஆள் பார்க்கிறார்.

அவளுக்கு ராங்கியும் இல்லை, சோம்பலும் இல்லை. அது மனச்சோர்வு, உடம்போடு சேர்ந்து வரும் நோய். உடம்பில் தொற்று ஏற்படும்போது நோய் எதிர்ப்பு மண்டலம் சைட்டோகைன் என்னும் வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. அவை மூளையை எட்டியதும் பசி போகிறது, அசதி வருகிறது, ஆட்களைக் கண்டால் விலகத் தோன்றுகிறது. காய்ச்சலில் சுருண்டு படுக்கும் எவருக்கும் இது தெரியும். ஹெபடைடிஸ் சிக்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில், சிகிச்சைக்கு வந்தவர்களில் கணிசமானோருக்கு அந்த மருந்தாலேயே மனச்சோர்வு வந்தது. இன்டர்ஃபெரானும் ஒரு சைட்டோகைன்தான். மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குத் தொற்று எதுவும் இல்லாமலே உடலில் அழற்சியின் அடையாளங்கள் கூடியிருக்கின்றன. ஓயாத நெருக்கடியும் கெட்ட தூக்கமும் அதற்குத் தூபம் போடுகின்றன.

மனச்சோர்வில், மூளையில் இன்பத்தை எதிர்நோக்கும் பகுதி மந்தமாகிறது. தோழியின் சிரிப்பு எட்டுவதில்லை. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா மிகையாக விழித்துக்கொள்கிறது. சூப்பர்வைசர் சும்மா பார்த்தாலும் முறைப்பதாகப் படுகிறது. கார்ட்டிசால் என்ற நெருக்கடிச் சுரப்பு, பலருக்கு இறங்க வேண்டிய நேரத்தில் இறங்குவதில்லை. ஒன்றரை ஷிப்ட், ஷிப்மென்ட் நெருங்கினால் விடியவிடிய வேலை என்று உடம்பின் கடிகாரத்தைக் குலைக்கும் ஊரில் இதற்கெல்லாம் இடம் தாராளம். புதிய தொகுப்பு பெண்கள் சம்மதித்தால் இரவு ஷிப்டுக்கும் வழிவிட்டிருக்கிறது. இரவு வேலையை எழுதத் தெரிந்த பேனாவுக்கு, அது கெடுக்கும் தூக்கத்தை எழுத மனமில்லை.

ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. சாதாரண நோய்க்கு ஆண்டுக்கு 91 நாள், 70 விழுக்காடு கூலி. நீண்ட நோய்க்கு 80 விழுக்காடு, அதற்கு 34 நோய்களின் தனிப் பட்டியல். அந்தப் பட்டியலில் மனச்சோர்வு நுழைவது ஒரே பெயரில்தான்: 'எண்டோஜீனஸ் டிப்ரெஷன்'. அதாவது வெளிக்காரணம் இல்லாமல் உள்ளிருந்தே எழுவது. கடனால், வேலையால், அவமானத்தால் வந்தது என்று சொல்லிவிட்டால் அந்தப் பெயருக்குள் அடங்காது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு, காரணத்தை வைத்து இப்படிப் பிரிப்பதை 1980இலேயே கைவிட்டது. முதல் முறை பெரிய அடி விழுந்து வரும் மனச்சோர்வு, அடுத்தடுத்த முறை சிறு காரணத்துக்கே, சில நேரம் காரணமின்றியே வரும் என்பதை மனநல மருத்துவர் ராபர்ட் போஸ்ட் 1992இல் விளக்கினார். வெளியே இருந்தது உள்ளே குடியேறுகிறது. உள்ளே, வெளியே என்று கோடு போட அங்கே இடமில்லை. அந்தப் பட்டியலின் கதவுக்குள் நுழையவும் இரண்டு ஆண்டு தொடர்ந்த காப்பீட்டு வேலை வேண்டும். சீசனுக்குச் சீசன் கம்பெனி மாறுகிறவளும், கான்ட்ராக்டர் பேரேட்டில் பெயரே ஏறாத ஒடிசாக்காரப் பையனும் அந்த இரண்டு ஆண்டுக்கு எங்கே போவார்கள்?

இந்த விடுபடல் ஆட்சியாளர்களுக்குத் தெரியாமல் நடந்ததும் அல்ல. உடல்நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு வேண்டும் என்று 2017இன் மனநலச் சட்டத்தில் எழுதியவர்கள் இவர்கள். 2024 ஜூலையில் பொருளாதார ஆய்வறிக்கையில் மனநலத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கவலைப்பட்டவர்களும் இவர்கள். மனச்சோர்வு உள்ளவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேலானோருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்று 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு சொன்னதும் இவர்கள் மேசைக்குத்தான் போனது. அறிக்கையில் ஏறுகிற அக்கறை, அட்டவணையில் மட்டும் ஏறுவதில்லை.

திருப்பூருக்கு இந்தப் புறக்கணிப்பு பழகிய வலி. 2016 நவம்பர் 8 இரவு, வாரக்கூலியை ரொக்கமாக வாங்கும் ஊரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்த வாரச் சனிக்கிழமையை யாரும் யோசிக்கவில்லை. 2020 மார்ச் 24 அன்று நான்கு மணி நேர அவகாசத்தில் நாட்டையே பூட்டினார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேராக அடைந்து கிடந்த வெளிமாநிலத்து இளைஞர்கள் கையில் காசும் இல்லாமல், ஊருக்கு வண்டியும் இல்லாமல் வாரக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படித் தனிமையில் அடைத்தால் மனசு என்ன ஆகும் என்று அன்று கேட்டவர் யார்? 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டு ஆர்டர்கள் நின்றபோது ஏற்றுமதியாளர் கடனைப் பற்றி டெல்லியில் பேச்சு நடந்தது. வேலை குறைந்த டெய்லரின் தூக்கத்தைப் பற்றி நடக்கவில்லை. அடுத்த மூன்று மாதத்துக்குள் இந்த அட்டவணை நடைமுறைக்கு வந்தது.

ஜப்பானில் டென்சு விளம்பர நிறுவனத்தின் 24 வயது ஊழியர் ஒருவர் ஓயாத வேலையால் மனச்சோர்வுற்று 1991இல் உயிரை மாய்த்துக்கொண்டார். வேலையால் வரும் மனநோயைத் தொழில்நோயாக மதிப்பிடும் வழிகாட்டுதலை அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகம் 1999இல் வெளியிட்டது. 2000 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது. வேலைக்கும் நோய்க்கும் முடிச்சுப் போட முடியாது என்று இனி யாரும் இங்கே சொல்ல வேண்டாம். நிரூபிக்க முடியும். மனம் வேண்டும்.

14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. நல்லது, தேவையானது, வதைபடுகிறவர்கள் தயங்காமல் அழைக்கட்டும். ஆனால் போனை வைத்த பிறகு மறுநாள் காலை எட்டரைக்கு அவள் திரும்பப் போவது அதே லைனுக்கு. லீவு கேட்டால் கூலி இல்லை, காரணம் சொன்னால் வேலையே இல்லை. அட்டவணையைத் திறந்து திருத்தும் அதிகாரம் எவரிடம் இருக்கிறதோ அவர்கள் அதைத் திறக்க வேண்டும். மனச்சோர்வுக்கும் அதில் ஓர் இடம் வேண்டும், அதுவும் அடுத்த ஷிப்மென்ட் சீசனுக்கு முன்பாக.