சத்துணவு உபதேசமும் கூலிக் கணக்கும்

ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் வாரம் தேசிய ஊட்டச்சத்து வாரம். 1982 முதல் இது நடந்து வருகிறது. அந்த வாரத்தில் உணவியல் நிபுணர்கள் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள், தொலைக்காட்சியில் பேசுகிறார்கள். இப்போது வாரக் கணக்கெல்லாம் போய், வருடம் முழுவதும் கைப்பேசியிலும் வந்து சொல்கிறார்கள். காலையில் ஊறவைத்த பாதாம் நான்கு சாப்பிடுங்கள், சோற்றைக் குறையுங்கள், தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்கட்டும், இரவு எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடியுங்கள், தினம் அரை மணி நேரம் நடங்கள். உபதேசத்தின் சாரம் இதுதான்.

தம்மம்பட்டிப் பக்கம் காட்டில் குச்சிக்கிழங்கு பிடுங்கும் பெண்ணும் இதைக் கேட்கிறாள். சேகோ ஆலைத் தொழிலாளியும், நூற்பாலையில் இரவு ஷிப்டு முடித்து விடியற்காலையில் வீடு திரும்புகிறவரும் இதைப் படிக்கிறார்கள். அவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

நாம் உணவியல் நிபுணர்களுக்கு விரோதிகள் அல்ல. அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. சர்க்கரை வியாதி பணக்காரர் வியாதி என்றிருந்த காலம் போய்விட்டது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த வியாதி இருப்பதாக 2023ல் வெளியான ஆய்வு கூறியது. தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்த சோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டியது. அந்தப் பெண்களில் நம் தாய்மாரும் சகோதரிகளும் இருக்கிறார்கள்.

ஆகவே காசில்லாமல் கடைப்பிடிக்கக் கூடியதை உடனே கடைப்பிடிப்போம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாது என்கிறார்கள். இது சரி. வேலியோரத்து முருங்கைக் கீரையை விடக் கூடாது என்கிறார்கள். இதுவும் சரி. உப்பையும் சர்க்கரையையும் குறைக்கச் சொல்வதும் சரி. ஆனால் பசியை அடக்கவே டீ குடிக்கிறவரிடம் டீயை விடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது பாதி வைத்தியம்தான்.

மீதிப் பாதி எங்கே இருக்கிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதத்தில் புதிய உணவு வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் காய்கறி, கீரை 400 கிராம். பழம் 100 கிராம். பருப்பு, முட்டை, இறைச்சி வகையில் 85 கிராம். கடலை போன்ற கொட்டைகள் 35 கிராம். பால் அல்லது தயிர் 300 மில்லி. பத்திரிகைகளில் வரும் 'தட்டு' படம் இதுதான். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் கொண்ட குடும்பத்தைக் கூலி நிர்ணயத்தில் மூன்று ஆள் அளவாகக் கணக்கிடுவது வழக்கம். அப்படியானால் தினம் காய்கறி 1 கிலோ 200 கிராம், பழம் 300 கிராம், பருப்பு வகை 255 கிராம், கொட்டை 105 கிராம், பால் 900 மில்லி வேண்டும். ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் 1 கிலோ துவரம்பருப்பு இந்த அளவில் நான்கு நாளைக்குக்கூட முழுதாக வராது. மாதத்தின் மற்ற 26 நாளைக்கு?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தத் தட்டு 2,000 கலோரிக்கான தட்டு. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குத்தான் அது கிட்டத்தட்டப் பொருந்தும். கடும் உழைப்புச் செய்யும் ஆணுக்கு 3,470 கலோரியும் பெண்ணுக்கு 2,720 கலோரியும் தேவை என்று அதே நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. வெயிலில் குனிந்து களை எடுப்பவளிடம் அரை மணி நேரம் நடக்கச் சொல்வது யாருக்கு எழுதிய உபதேசம்? சோற்றைக் குறை என்கிறார்கள். குறைக்கலாம். குறைத்த இடத்தில் எதை வைப்பது? அதை வாங்கக் கூலி எங்கே? நூறு நாள் வேலையில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அதுவும் வேலை கிடைத்த நாளில்தான். மேலே சொன்ன பட்டியலுக்குக் கடைத்தெருவில் விலை கேட்டுப் பாருங்கள்; பிறகு வாடகை, மருந்து, பள்ளிச் செலவு, பஸ் கட்டணம் ஆகியவற்றுக்கு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

ஜனங்களுக்கு நல்ல உணவைப் பற்றிய அறிவு இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. நம் பாட்டிமார் ராகிக் களியும் கம்மங்கூழும் சாமைச் சோறும் ஆக்கியவர்கள். யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. அந்தத் தானியங்கள் ஏன் போயின? கொல்லிமலையைப் பாருங்கள். சாமையும் தினையும் ராகியும் விளைந்த நிலத்தில் பெரும்பகுதி சேகோ ஆலைகளுக்கான மரவள்ளிக்குப் போயிற்று. வீட்டுக்கு அரிசி கடையிலிருந்து வந்தது. ரொக்கம் தரும் பயிரைத் தேடிய விவசாயி மேல் குற்றம் இல்லை. சிறுதானியத்துக்கு அன்று கட்டுப்படியாகும் விலை இல்லை. இன்று அதே தானியம் அழகான பாக்கெட்டில் ஏறி, அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறது. ஐ.நா. சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. விளைவித்தவன் வீட்டில்தான் அது இல்லை.

உணவு விஞ்ஞானமும் கூலியும் வெவ்வேறு விஷயங்கள் அல்ல. இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சரித்திரம் இருக்கிறது. இன்றைய ஐதராபாத் நிறுவனம் 1918ல் குன்னூரில் மெக்காரிசன் என்ற டாக்டர் தொடங்கிய சிறு ஆய்வுக் கூடத்திலிருந்து வளர்ந்தது. 1958ல்தான் ஐதராபாத்துக்குப் போயிற்று. 1935ல் குன்னூருக்கு வந்த டாக்டர் அய்க்ராய்டு இந்திய உணவுகளில் உள்ள சத்துக்களைக் கணக்கிட்டு 1937ல் வெளியிட்டார். உழைக்கும் ஆளுக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்று அவர் சொன்ன கணக்கு ஆய்வுக் கூடத்தோடு நிற்கவில்லை. சர்க்காரும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு 1957ல் அதையே குறைந்தபட்சக் கூலிக்கு அடிப்படையாக ஏற்றது. நாளொன்றுக்கு ஆள் ஒன்றுக்கு 2,700 கலோரி. அதோடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, விறகு, விளக்கு. ரெப்டகோஸ் பிரெட் கம்பெனித் தொழிலாளர் வழக்கில் 1991ல் சுப்ரீம் கோர்ட் குழந்தைகளின் படிப்பு, வைத்தியம் முதலியவற்றுக்காக மேலும் 25 சதவிகிதம் சேர்க்க வேண்டும் என்றது.

அந்தக் கணக்கு இன்று என்ன ஆயிற்று? மத்திய சர்க்கார் அமைத்த அனூப் சத்பதி குழு 2019ல் அறிக்கை தந்தது. 2,700 கலோரியை 2,400 ஆகக் குறைத்துப் போட்ட அந்தக் கணக்கிலேயே, 2018 விலைவாசிப்படி, நாள் கூலி 375 ரூபாய் என்று வந்தது. சர்க்கார் 2019ல் தேசிய அடிமட்டக் கூலியாக அறிவித்தது 178 ரூபாய்! நிபுணர் சொன்ன தட்டில் பாதியைக்கூட அது தொடவில்லை. அந்த வாரம் எத்தனை பத்திரிகைகளின் ஆரோக்கியப் பக்கத்தில் இது வந்தது?

உபதேசத்துக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் குளிர்பான, சர்க்கரை வியாபாரிகளின் சங்கங்களிடம் காசு வாங்கிக்கொண்டு, அதைச் சரிவரத் தெரிவிக்காமல் சமூக ஊடகங்களில் பேசியதாக உணவியல் நிபுணர்கள் உட்படப் பன்னிரண்டு பேருக்கு 2023 நவம்பரில் அந்நாட்டு வர்த்தகக் கமிஷன் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நம் நாட்டில் போர்ன்விட்டா போன்ற பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவில் விற்கக் கூடாது என்று இணைய வியாபாரக் கம்பெனிகளுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில்தான் சொன்னது. அதுவரை எத்தனை ஏழைத் தாய்மார் பருப்புக்கு வைத்த காசை டப்பாவுக்குக் கொடுத்தார்களோ!

சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அந்த ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். நலிந்த குழந்தைகளுக்கு முதற்குறை வயிறு நிறையாத குறைதான்; இன்னும் கொஞ்சம் உணவு கொடுத்தால் அவர்கள் வளர்கிறார்கள் என்று அவரும் சகாக்களும் 1973ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். டப்பா அல்ல, சோறும் பருப்பும் போதிய அளவில் வேண்டும்.

உபதேசத்தைவிட உணவே பலன் தரும் என்பதற்கு நம் பள்ளிக்கூடங்களே சாட்சி. 1956ல் மதிய உணவு, 1982ல் சத்துணவு, 1989ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை, 2010ல் வாரம் ஐந்து முட்டை, 2022ல் காலை உணவு. நாமக்கல் கோழிப் பண்ணையின் முட்டை கூலிக்காரர் பிள்ளையின் தட்டுக்கு வந்தது, முட்டை நல்லது என்று யாரோ பத்திரிகையில் எழுதியதால் அல்ல. அரசு அதை வாங்கித் தட்டில் வைத்ததால்.

ஆகவே நாம் கோருவது இதுதான். குறைந்தபட்சக் கூலி 1957 அளவுகோலின்படி இன்றைய விலைவாசியில் நிர்ணயிக்கப்பட வேண்டும். ரேஷனில் பருப்பின் அளவு உயர வேண்டும். நீலகிரியிலும் தர்மபுரியிலும் 2023ல் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். எந்த மாவட்டத்தில் கேட்டாலும் அது கிடைக்க வேண்டும். அந்த ராகியை உள்ளூர் விவசாயியிடம் நியாய விலைக்கு வாங்க வேண்டும். ஆலை முதலாளிகள் இரவு ஷிப்டுக்கு மலிவு விலையில் சூடான சாப்பாடு தர வேண்டும்.

தோழர்களே! வரும் செப்டம்பரில் பத்திரிகையில் தட்டின் படம் வரும். அதைக் கத்தரித்து எடுத்து வையுங்கள். ஒவ்வொரு சங்கக் கிளையும் அந்தப் பட்டியலோடு தன் ஊர்க் கடைத்தெருவுக்குப் போகட்டும். பொருளுக்குப் பொருள் விலை எழுதி, ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று கூட்டிப் போடட்டும். அந்தத் தொகையே நம் கோரிக்கை மனுவின் முதல் வரியாக இருக்கட்டும். முதலாளியும் அதிகாரியும் இது அதிகம் என்றால், கணக்கு எங்களுடையது அல்ல, உங்கள் நிபுணர்களுடையது என்று சொல்லுங்கள்.