டைம்லாப்ஸ்: எத்தனை விநாடிக்கு ஒரு படம்?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே வந்த மேட்டர் இது. கேமரா வச்சிருக்குற நண்பர்கள் எல்லாரும் என்கிட்ட ஒரே கேள்வியத்தான் கேக்குறாங்க: "டைம்லாப்ஸுக்கு எத்தனை விநாடி இடைவெளி வைக்கணும்?" யாராச்சும் "அஞ்சு விநாடி வைங்க பாஸ்"னு சொல்லிடுவாங்க. அவரும் எல்லாத்துக்கும் அஞ்சு வச்சுட்டு, அப்புறம் வந்து "சரியா வரலையே"ன்னு பொலம்புவாரு.

என் கட்சி என்னன்னா, இதுக்கு ஒரே பதில்னு ஒண்ணு கெடையாது. ஆனா ஒரு கணக்கு இருக்கு. கணக்கு போட்டு வர்ற விடையில பாதிய வைங்க. ஏன் பாதின்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி நான் வாங்குன அடி.

எங்க வீடு நாகர்கோவில் பக்கம். முற்றத்துல அம்மா ஒரு நிஷாகந்தி வளக்குறாங்க. பலரும் பிரம்ம கமலம்னு சொல்ற அதே செடிதான். (உண்மையான பிரம்ம கமலம் இமயமலையில வளர்றது, அது வேற. நம்ம வீட்டுல இருக்குறது மெக்ஸிகோ பக்கத்துலேர்ந்து வந்த கள்ளிக் குடும்பச் செடி. இத அம்மாகிட்ட சொல்லி ஒருநாள் முழுக்க பேச்சு வாங்கினேன்.) இது ராத்திரி விரிஞ்சு விடியுறதுக்குள்ள வாடிடும். அம்மாவுக்கு 78 வயசு. ஒம்போது மணிக்கு மாத்திரை போட்டா கண்ணு சொக்கிடும். சாயங்காலம் மொட்டப் பாப்பாங்க, காலையில தலை தொங்கின பூவப் பாப்பாங்க. நடுவுல நடக்குறது மட்டும் அவங்களுக்குக் கெடைக்கறதே இல்ல. "அது எப்படித்தான் விரியுதுன்னு ஒரு தடவ பாத்துரணும் மக்ளே"ன்னாங்க. நான் இருக்கேன்லன்னு கேமராவத் தூக்கிட்டேன்.

முதல் தடவ: அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு படம். மெதுவா விரியுற பூதானே, போதும்னு நெனச்சேன். ஏழரைக்கு ஆரம்பிச்சு பதினொன்றரை வரைக்கும் 4 மணி நேரம், 48 படம். விநாடிக்கு 25 படம்னு ஓட்டினா ரெண்டு விநாடிகூட வரல. அம்மா பாத்துட்டு கேட்டாங்க: "என்ன மக்ளே, பட்டாசு மாதிரி டப்புன்னு வெடிச்சிட்டு?"

அடுத்த வருஷம் ரோஷம் வந்து ஒரு விநாடிக்கு ஒரு படம் வச்சேன். 4 மணி நேரத்துக்கு 14,400 படம் ஆகும்னு உக்காந்து யோசிக்கவே இல்ல. என் பழைய டிஎஸ்எல்ஆர் பேட்டரி தாங்குறது ஆயிரத்து இருநூறு படம், அதாவது இருவதே நிமிஷம். தோசை சாப்பிட்டுட்டு, மேச்சும் பாத்துட்டு ஒம்போது மணிக்கு வந்து பாத்தா கேமரா செத்துக் கெடக்கு, பூ பாதி விரிஞ்சிருக்கு. பேட்டரி மாத்திப் பிரயோஜனம் இல்ல, நடுவுல ஒரு மணி நேரத்துக்கு மேல போச்சு. அம்மா ஒண்ணும் சொல்லல. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னு படுக்கப் போயிட்டாங்க. 78 வயசுக்காரங்க வாயால "அடுத்த வருஷம்"னு கேக்குறது எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

அன்னைக்கு ராத்திரிதான் பேப்பர எடுத்து கணக்கு போட்டேன். ரொம்பச் சின்னக் கணக்குங்க. நடக்குற சமாசாரம் எவ்ளோ நேரம் நடக்கும்? படம் எத்தனை விநாடி ஓடணும்? இந்த ரெண்டும் தெரிஞ்சா போதும். பூ விரிய 4 மணி நேரம், அதாவது 14,400 விநாடி. எனக்கு வேண்டியது அரை நிமிஷப் படம், விநாடிக்கு 25 வீதம் 750 படம். 14,400-ஐ 750-ஆல வகுத்தா 19 சொச்சம். ஆக, இருவது விநாடிக்கு ஒண்ணு. அவ்ளோதான்!

ஆனா கணக்கு மட்டும் போதாது, எதப் பாக்கப் போறோம்னும் தெரியணும். நம்ம கன்னியாகுமரி சூரிய அஸ்தமனத்தையே எடுத்துக்கோங்க. அகலமான லென்ஸ்ல வானம், மேகம், கடல் எல்லாம் வேணும்னா அஞ்சு விநாடி அழகா இருக்கும். அதே சூரியன டெலி லென்ஸ்ல பெருசா வச்சு, அந்த வட்டம் கடல்ல முங்குறத மட்டும் எடுக்கணும்னா? பூமி மணிக்கு 15 டிகிரி சுத்துது, சூரியனோட அகலம் அரை டிகிரி. வட்டம் முழுசா முங்க ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலதான் ஆகும். முப்பது விநாடிக்கு ஒண்ணு எடுத்தா நாலோ அஞ்சோ படம்தான் தேறும், கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள காணாமப் போயிடும். ஒரு விநாடிக்கு ஒண்ணு வச்சா அஞ்சு விநாடி நிதானமா முங்கும். சூரியன் ஒண்ணுதான், லென்ஸ் மாறினா இடைவெளியும் மாறுது.

இன்னொரு கூத்து. முப்பந்தல் பக்கம் காத்தாடிகள எடுக்கப் போனேன். மலையத் தாண்டி ஓடுற மேகத்துக்கு ரெண்டு மூணு விநாடி சரியா இருக்கும். ஆனா காத்தாடி? நிமிஷத்துக்கு 15 சுத்து சுத்துற ஒண்ணு, 4 விநாடிக்கு ஒரு முழுச் சுத்து. நீங்க சரியா 4 விநாடி வச்சீங்கன்னா படத்துல அது அசையாம நிக்கும்! கொஞ்சம் கொறச்சு வச்சா பின்னால சுத்தும். மேகம் பறக்குது, காத்தாடி நிக்குது. பாத்தவங்க "காத்தே இல்லையா?"ன்னு கேட்டாங்க :-)

நட்சத்திரத்துக்கு வேற சட்டம். ஒரு படத்துக்கே 20 விநாடி ஷட்டர் தெறந்திருக்கணும்னா இடைவெளி அதவிடக் கம்மியா வைக்கவே முடியாது. கேமரா படத்த எழுதி முடிக்கவும் நேரம் குடுத்து 23, 25னு வைக்கணும்.

"எதுக்கு இவ்ளோ கஷ்டம்? போன்லயே ஒரு பட்டன் இருக்கே?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஐபோன்ல 2014-ல டைம்லாப்ஸ் வந்தப்போ அது செஞ்ச வேலை என்ன தெரியுமா? விநாடிக்கு ரெண்டு படம் எடுக்க ஆரம்பிக்கும். பத்து நிமிஷம் தாண்டினா ஒண்ணு விட்டு ஒண்ணத் தூக்கிப் போட்டுட்டு விநாடிக்கு ஒண்ணா மாறும். இருவது நிமிஷம் தாண்டினா இன்னும் பாதி. இப்படியே போயி எவ்ளோ நேரம் எடுத்தாலும் இருவதுலேர்ந்து நாப்பது விநாடிக்குள்ள படத்த முடிச்சுடும். கெட்டிக்காரத்தனம்தான், நான் குத்தம் சொல்லல. ஆனா நாம பாக்க வந்தது பூவா, சூரியனா, காத்தாடியான்னு அதுக்குத் தெரியாது. தூக்கிப் போட்ட படமும் திரும்பி வராது.

சரி, பூ கதைக்கு வர்றேன். இந்த வருஷம் இருவது விநாடி வச்சேன். கேமராவ நேரா கரண்டுல குடுத்தாச்சு. ஒரே ஒரு எல்இடி விளக்கு, எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் ரெண்டையும் கையால பூட்டியாச்சு. 720 படம், 29 விநாடி. காலையில காபியோட அம்மா முன்னாடி லேப்டாப்ப வச்சேன்.

நாலு தடவ பாத்தாங்க. அஞ்சாவது தடவ, "நடுவுல ஒரு பொட்டு வந்துட்டுப் போச்சே, அது என்னது?"ன்னு கேட்டாங்க. நான் கவனிக்கவே இல்ல. நிறுத்திப் பாத்தா ஒரு அந்துப்பூச்சி, பூவுக்குள்ள தலைய விட்டுட்டு இருக்கு. 720-ல ஒரே ஒரு படத்துல. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், "பாத்தியா, விருந்தாளி வந்திருக்கு!" அப்புறம், "கொஞ்சம் மெதுவா போடேன் மக்ளே"ன்னாங்க.

அங்கதான் மாட்டினேன். மெதுவா ஓட்டினா திக்குது. நடுவுல படம் இல்ல, எங்கேர்ந்து கொண்டு வர?

இப்ப புரியுதா பாதி ஏன்னு? பத்து விநாடி வச்சிருந்தா 1,440 படம். வேகம் வேணும்னா ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்துட்டா போச்சு, மெதுவா வேணும்னாலும் கையில இருக்கு. எடுத்தத தூக்கிப் போட்டுரலாம், எடுக்காதத உண்டாக்க முடியாது. அதுக்காக என்ன மாதிரி ஒரு விநாடிக்கு எறங்கிடாதீங்க. மெமரி கார்டு, பேட்டரி எல்லாத்தையும் விட ஷட்டர்னு ஒண்ணு இருக்கு. ஒரு லட்சம் தடவ அடிக்கும்னு கணக்கு சொல்ற ஷட்டர்ல ஒரே ராத்திரியில ஏழுல ஒரு பங்கு போயிடும்.

செடியில இன்னொரு மொட்டு இருக்கு. இன்னும் மூணு நாலு நாள்ல விரியும்னு அம்மா சொல்றாங்க, அவங்க கணக்கு தப்பாது. பத்து விநாடி வைக்கப் போறேன். அன்னைக்கு மட்டும் மாத்திரைய ஒரு மணி நேரம் தள்ளிப் போடலாமான்னு டாக்டர்கிட்ட கேக்கச் சொல்லியிருக்காங்க. கேட்டிருக்கேன்.

டிஸ்கி: மேல சொன்ன எண்ணெல்லாம் ஆரம்பத்துக்குத்தான். ஒரு தடவ பத்து நிமிஷம் சோதனையா எடுத்துப் பாத்துட்டு அப்புறம் முழு வேலையில எறங்குங்க. நான் அத செஞ்சிருந்தா ரெண்டு வருஷம் மிச்சம்.